பின்தொடர்பவர்கள் எல்லோரும் வாசகர்கள் அல்லர்

சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் ஜனவரியில் தமிழ் முகநூலைத் திறந்தால் புத்தக அட்டைகள் வரிசைகட்டி நிற்கின்றன. அட்டைப்பட வெளியீடு, முன்பதிவு அறிவிப்பு, அரங்கு எண், ஆசிரியர் கையெழுத்திட வரும் நேரம், வாங்கியவரோடு எடுத்துக்கொண்ட படம் என ஒரே புத்தகத்துக்குப் பத்துப் பதினைந்து பதிவுகள் வருவது வழக்கமாகிவிட்டது. எழுதிக் கொடுப்பதோடு எழுத்தாளரின் வேலை முடிந்த காலம் போய், விற்றுக் கொடுப்பதும் அவர் பொறுப்பு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. முதல் நூலோடு வரும் இளைஞர், முகநூல் மட்டும் போதாதோ, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட வேண்டுமோ, யூடியூப் சேனல் தொடங்க வேண்டுமோ என்று தவிக்கிறார். காட்சி முடிந்து விற்பனைக் கணக்கு வரும்போது, நூற்றுக்கணக்கான லைக் வாங்கிய புத்தகம் சில பத்துப் பிரதிகளைத் தாண்டவில்லை என்று தெரிந்தால் மனம் உடைகிறார். தன் எழுத்துதான் சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். பெரும்பாலான நேரங்களில் தவறு எழுத்தில் இல்லை. சமூக ஊடகத்திடம் வைத்த எதிர்பார்ப்பில் இருக்கிறது. சமூக ஊடகம் எழுத்தாளருக்கு அறிமுகம் தரும், உரையாடல் தரும். விற்பனையை அது தருவது அரிது. இதை ஒப்புக்கொண்டால்தான் எந்தத் தளத்தில் இருப்பது, எவ்வளவு நேரம் இருப்பது, எதை அங்கே வைப்பது என்ற மூன்றையும் நிதானமாக முடிவுசெய்ய முடியும்.

பின்தொடர்பவர்களின் எண்ணிக்கைக்கும் புத்தக விற்பனைக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு உலகின் மிகப் பெரிய புத்தகச் சந்தையே சாட்சி. 2021 டிசம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழ் வெளியிட்ட ஒரு கட்டுரை இதை எண்களோடு காட்டியது. பாடகி பில்லி ஐலிஷுக்கு அப்போது இன்ஸ்டாகிராமில் 9.7 கோடிப் பேர். அந்த ஆண்டு மே மாதம் வெளிவந்த அவருடைய புத்தகம் அதுவரை விற்றதோ ஏறத்தாழ 64,000 பிரதிகள். 5.3 கோடிப் பேர் பின்தொடர்ந்த பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கின் புத்தகம் மூன்று ஆண்டுகளில் சுமார் ஒரு லட்சம் பிரதிகள் விற்றது. பின்தொடர்பவர்கள் உலகெங்கும் இருப்பவர்கள், விற்பனைக் கணக்கு அமெரிக்க அச்சுப் பிரதிகளுடையது என்பதால் இந்த ஒப்பீடு துல்லியமானதல்ல என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 1,500 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை எத்தனை மடங்கு உயர்த்திப் பார்த்தாலும் முடிவு மாறாது. முகநூலில் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய நண்பர்களின் உச்சவரம்பு 5,000. அந்த வரம்பைத் தொட்ட ஒரு தமிழ் எழுத்தாளருக்கு இந்த விகிதத்தில் கிடைப்பவர்கள் மூன்று பேர். அவருடைய நண்பர்கள் இலக்கிய ஆர்வம் உள்ளவர்கள் என்பதால் முப்பது மடங்கு கூட்டிக்கொண்டாலும் நூறு பேர். எதிர்பார்ப்பு தொடங்க வேண்டிய இடம் இந்த நூறுதான், அந்த ஐயாயிரம் அல்ல.

இந்த இடைவெளி வாசகரின் நன்றிகெட்டதனத்தால் வருவதல்ல. தளங்கள் கட்டப்பட்டிருக்கும் விதத்தால் வருவது. முதலாவது, நாம் எழுதுவது நம்மைப் பின்தொடரும் எல்லோருக்கும் போய்ச் சேருவதில்லை. ஒரு பக்கத்தில் இடும் பதிவு, அதைப் பின்தொடர்பவர்களில் சராசரியாக 16 விழுக்காட்டினரையே எட்டுகிறது என்று 2012-இல் பேஸ்புக் நிறுவனமே சொன்னது. 2014-இல் ஓகில்வி விளம்பர நிறுவனம் செய்த ஆய்வில் அது 6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. 2018 ஜனவரியில் மார்க் ஸக்கர்பெர்க், குடும்பத்தினர், நண்பர்களின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று அறிவித்தார். இரண்டாவது, தளத்தைவிட்டு வெளியே அழைத்துச் செல்லும் எதையும் தளம் விரும்புவதில்லை. இணைப்பைச் சொடுக்கிப் பயனர் போய்விட்டால் தளத்தில் செலவிடும் நேரம் குறையும் என்பதால் இணைப்புகளுக்கு அவ்வளவு கவனம் கிடைப்பதில்லை என்று 2023 அக்டோபரில் எக்ஸ் தளத்தின் உரிமையாளர் ஈலான் மஸ்க் வெளிப்படையாகவே எழுதினார். ‘வாங்குவதற்கான இணைப்பு முதல் கமெண்டில்’ என்று நம் எழுத்தாளர்கள் போடுவது இந்தத் தடையைச் சுற்றிப் போகும் முயற்சிதான். மூன்றாவது, விரலால் ஒரு லைக்கைத் தட்டுவது அன்பின் அடையாளம், வாழ்த்து, சில நேரம் வெறும் மரியாதை. 250 ரூபாய் கொடுத்து வாங்கி, பல மணி நேரம் ஒதுக்கி ஒரு நாவலைப் படிப்பது வேறு முடிவு. அந்த லைக் இந்த முடிவாக மாறும் என்று தளம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நாமாகக் கற்பனை செய்துகொண்டோம்.

தமிழ்ப் பதிப்புலகின் அளவை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகும். ஒரு காலத்தில் முதல் பதிப்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் என்பது வழக்கம். தேவைக்கேற்ப அச்சிடும் பி.ஓ.டி. முறை வந்த பிறகு நூறு, இருநூறு, முந்நூறு என்று அடித்துப் பார்க்கிறார்கள். ராயல்டி பொதுவாகப் பத்து விழுக்காடு. 250 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதிகள் விற்றால் ஆசிரியருக்கு வர வேண்டியது 7,500 ரூபாய். அந்த 300 பிரதிகளும் சமூக ஊடகத்தால்தான் விற்றன என்று தாராளமாக எடுத்துக்கொள்வோம். அதற்காக அவர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் தளங்களில் செலவிட்டிருந்தால், ஆண்டுக்கு 365 மணி நேரம். மணிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 20 ரூபாய். அதே ஒரு மணி நேரத்தில் நாளுக்கு 200 சொற்கள் எழுதினால் ஆண்டு முடிவில் 73,000 சொற்கள், அதாவது ஒரு முழு நாவல். வேலைக்குப் போய்வந்து, வீட்டைப் பார்த்து, மிஞ்சும் நேரத்தில் எழுதுகிறவர்களே தமிழில் மிகுதி. பெண் எழுத்தாளர்களுக்கு அந்த மிச்சமும் குறைவு. அவர்களிடம் உள்ள ஒரே முதலீட்டை எதில் போடச் சொல்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் சொன்னது. எழுத்தாளரின் நேரத்துக்கு அது முதலில் பொருந்தும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. சமூக ஊடகம் இல்லாதிருந்தால் இன்று எழுதும் பலர் வெளிச்சத்துக்கே வந்திருக்க மாட்டார்கள். சிற்றிதழ் ஆசிரியர்களின் நட்பு வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள், சென்னையில் யாரையும் தெரியாதவர்கள், வெகுஜன இதழ்கள் திருப்பி அனுப்பியவர்கள், தலித் எழுத்தாளர்கள், பெண்கள், பாரிஸிலும் டொரன்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து எழுதுகிறவர்கள் என எத்தனையோ பேருக்கு வலைப்பூவும் பின்னர் முகநூலும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒரு வாசலைத் திறந்துவிட்டன. இது தமிழ் இலக்கியத்துக்குக் கிடைத்த உண்மையான கொடை. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ சிற்றிதழை நடத்தியபோது சொந்தப் பணத்தை இழந்தார். பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். அந்தத் துயரத்தின் ஒரு பகுதியையாவது இன்றைய தொழில்நுட்பம் குறைத்திருக்கிறது என்பதை மறுப்பவர் வரலாறு தெரியாதவர். ஆனால் இந்த மறுப்பைக் கவனித்துப் பாருங்கள். அது சொல்வதெல்லாம் அறிமுகத்தைப் பற்றியது. முகம் தெரியாத ஒருவரின் எழுத்து முகம் தெரியாத இன்னொருவரை எட்டியது, அவர்கள் பேசிக்கொண்டார்கள், ஒரு பதிப்பாளர் கவனித்தார் என்பதே அதன் சாரம். சமூக ஊடகம் செய்யும் வேலை இதுதான், இதை அது நன்றாகவே செய்கிறது. இந்த வேலையைச் செய்யும் கருவியிடம் விற்பனைப் பிரதிநிதியின் வேலையையும் கேட்கும்போதுதான் இரண்டும் கெடுகின்றன.

சமூக ஊடகத்தால் உண்மையிலேயே விற்ற புத்தகங்கள் உண்டு. அவை எப்படி விற்றன என்று பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். டிக்டாக் செயலியில் வாசகர்கள் புத்தகங்களைப் பற்றிப் பேசும் ‘புக்டாக்’ என்ற அலை மேலைநாடுகளில் எழுந்தபோது, காலீன் ஹூவர் எழுதிய ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ நாவல் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. அந்த நாவல் வந்தது 2016-இல். அலை எழுந்தது ஐந்து ஆண்டுகள் கழித்து. மேடலின் மில்லர் 2011-இல் வெளியிட்ட ‘தி சாங் ஆஃப் அக்கிலீஸ்’ பத்தாண்டுக்குப் பின் இதே வழியில் புதிய தலைமுறையை அடைந்தது. இரண்டிலும் விற்பனையைத் தூக்கிவிட்டவர்கள் வாசகர்கள். படித்து அழுதவர், படித்துக் கோபப்பட்டவர், தோழியிடம் சொல்லாமல் இருக்க முடியாதவர் கேமராவின் முன் உட்கார்ந்து பேசினார். எழுத்தாளர் ‘என் புத்தகத்தை வாங்குங்கள்’ என்று நூறு முறை சொல்வதைவிட, தொடர்பே இல்லாத ஒருவர் ‘இதைப் படியுங்கள்’ என்று ஒரு முறை சொல்வதற்கு வலு அதிகம். இது தமிழிலும் அப்படித்தான். முகநூலின் வாசிப்புக் குழுக்களில் ஒரு பள்ளி ஆசிரியரோ இல்லத்தரசியோ மனம்விட்டு எழுதும் இரண்டு பத்தி விமர்சனம் நான்கு பேரைப் புத்தகத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த விமர்சனத்தை எழுத்தாளர் வரவழைக்க முடியாது, விலைக்கு வாங்கவும் கூடாது. அதற்குத் தகுதியான புத்தகத்தை எழுதுவது மட்டுமே அவர் கையில் இருக்கிறது.

தளங்களின் ஆயுளையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2004-இல் தொடங்கிய ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-இல் நின்றது. தமிழர்கள் நீண்ட விவாதங்களை நடத்திய கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. எழுதியவற்றைத் தரவிறக்கிக்கொள்ளாதவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். டிக்டாக்கை இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று வேறு 58 செயலிகளோடு சேர்த்துத் தடைசெய்தபோது, அங்கே லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். ட்விட்டர் 2022 அக்டோபரில் கைமாறி, 2023 ஜூலையில் பெயரும் மாறி, யாருடைய பதிவு யாருக்குத் தெரியும் என்ற விதிகளே புரண்டுபோயின. இவற்றில் எதையும் எழுத்தாளர் தடுத்திருக்க முடியாது. ஆகவே தளத்தில் சேரும் கூட்டத்தை நம்பி எதையும் கட்டக் கூடாது. நிலைக்க வேண்டியதைச் சொந்த இணையதளத்தில் வைக்க வேண்டும். தளத்தில் அதன் அறிவிப்பை வைக்க வேண்டும். ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை நாள்தோறும் இணையத்தில் எழுதினார். 26 நாவல்கள் கொண்ட அந்தப் பெரும்பணி முகநூலின் அல்காரிதத்தை நம்பி நடந்ததல்ல. தமக்கென்று அமைத்துக்கொண்ட இணையப் பக்கத்துக்கு வாசகர் தினமும் தேடி வரும் பழக்கத்தை அவர் உண்டாக்கினார். எஸ். ராமகிருஷ்ணனும் தம் இணையதளத்தில் ஆண்டுக்கணக்காக எழுதிவருகிறார். உலக இலக்கியம் பற்றி அவர் முன்பு எழுதிய ஒரு கட்டுரையை இன்று கூகுளில் தேடும் மாணவர் கண்டெடுக்க முடியும். அதே கட்டுரை முகநூல் பதிவாக மட்டும் இருந்திருந்தால் இரண்டே நாளில் புதைந்திருக்கும்.

அவர்கள் ஏற்கெனவே புகழ்பெற்றவர்கள், புதிதாக எழுத வருபவரின் இணையதளத்தை யார் தேடி வருவார்கள் என்று கேட்கலாம். கேள்வி சரியானது. முதல் ஆண்டில் யாரும் வரமாட்டார்கள், இரண்டாம் ஆண்டில் சிலர் வருவார்கள். ஆனால் புதியவருக்கு முகநூலிலும் முதல் ஆண்டில் வருபவர்கள் பெரும்பாலும் உறவினர்களும் அலுவலக நண்பர்களும்தான். அவர்களுடைய வாழ்த்துகள் எண்ணிக்கையைக் காட்டி மயக்குகின்றன என்பது மட்டுமே வித்தியாசம். சொந்த இடத்தில் சேரும் எழுத்து சேர்ந்துகொண்டே இருக்கும். ஐந்தாம் ஆண்டில் ஒரு பதிப்பாளரோ மொழிபெயர்ப்பாளரோ கல்லூரி ஆய்வு மாணவரோ பெயரைத் தேடும்போது அவர்களுக்குக் காட்ட ஏதாவது இருக்கும். இணையதளம் நடத்தும் செலவு கைக்கு மீறினால் இலவச வலைப்பூ போதும். அதன் பிரதியை மட்டும் கணினியில் சேமித்து வைக்க வேண்டும். அதோடு, உண்மையிலேயே அடுத்த புத்தகத்துக்குக் காத்திருப்பவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையோ, அவர்கள் விருப்பத்தோடு கொடுத்த வாட்ஸ்ஆப் எண்களையோ ஒரு பட்டியலாக வைத்துக்கொள்வது நல்லது. இருநூறு பெயர்கள் கொண்ட அந்தப் பட்டியல் இருபதாயிரம் பின்தொடர்பவர்களைவிட மேலானது. ஏனென்றால் அந்த இருநூறு பேருக்கும் செய்தி போய்ச் சேரும், நடுவில் யாரும் வடிகட்டுவதில்லை.

இனி, எந்தத் தளம் என்ற கேள்வி. எல்லாத் தளத்திலும் இருக்க வேண்டும் என்ற அறிவுரை நிறுவனங்களுக்குச் சரி, அவற்றுக்கு ஆள்பலம் உண்டு. தனியாளான எழுத்தாளருக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. எதைத் தேர்வது என்பதை எழுத்தின் வடிவமும் வாசகர் இருக்கும் இடமும் எழுத்தாளரின் சுபாவமும் தீர்மானிக்க வேண்டும். கனடாவில் வாழும் ரூபி கௌர் 2014-இல் தாமே வெளியிட்ட ‘மில்க் அண்ட் ஹனி’ கவிதை நூல் லட்சக்கணக்கில் விற்றது. இன்ஸ்டாகிராமே அவருக்கு வாசல். இதைக் காட்டி எல்லோரையும் இன்ஸ்டாகிராமுக்கு அனுப்பக் கூடாது. சில வரிக் கவிதையும் ஒரு கோட்டோவியமும் அந்தத் திரைக்குள் முழுமையாக அடங்கின. தளத்தில் கண்டதும் புத்தகத்தில் இருந்ததும் ஒன்று. நானூறு பக்க நாவலை அப்படிக் காட்ட முடியாது. தமிழில் இதற்கு இணையான பொருத்தம் குரலுக்கும் யூடியூபுக்கும் இடையே நடந்தது. திருவண்ணாமலை பவா செல்லதுரை கதை சொல்லும் காணொளிகளும், இலக்கியக் கூட்டங்களை ஸ்ருதி டிவி என்ற யூடியூப் சேனல் பொறுமையாகப் பதிவுசெய்து வைத்த உரைகளும், புத்தகம் வாங்கும் பழக்கமே இல்லாத பலரை ஜெயகாந்தனிடமும் கி. ராஜநாராயணனிடமும் கொண்டுபோயின. யூடியூபில் தேடல் வலுவானது. மூன்றாண்டுக்கு முந்தைய உரையும் இன்று புதிதாக ஒருவருக்குக் கிடைக்கும். மேடையில் இயல்பாகப் பேச வருபவருக்கு அது ஏற்ற இடம். கேமரா முன் கூச்சப்படுகிறவர் அங்கே தன்னை வதைத்துக்கொள்ளத் தேவையில்லை.

முகநூல், தமிழ் இலக்கியத்தின் விவாதக் களமாக இன்னும் நீடிக்கிறது. நீண்ட பதிவுகளைப் படிக்கும் நடுத்தர வயது வாசகர்கள், சக எழுத்தாளர்கள், பதிப்பாளர்கள், புலம்பெயர்ந்த தமிழர்கள் அங்கே இருக்கிறார்கள். கட்டுரை, அனுபவக் குறிப்பு, நூல் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு அது பொருந்தும். இருபது வயது வாசகரைத் தேடுகிறவர் அவரை அங்கே காண்பது கடினம். அவர் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார். தமிழ் எக்ஸ் தளத்தில் அரசியலும் சினிமாவும் சண்டையும் மிகுதி. அரசியல் கட்டுரையாளருக்குப் பயன்படலாம், கவிஞருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் இடம். குடும்ப நாவலும் காதல் தொடரும் எழுதுகிறவர்களுக்குப் பிரதிலிபி போன்ற செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாகக் காத்திருந்து படிக்கும் பெரிய வாசகர் கூட்டம் இருக்கிறது. தீவிர இலக்கியவாதிகள் அதை ஏளனமாகப் பார்ப்பது தவறு. வார இதழ்களின் தொடர்கதை வாசகர்களே அங்கே போயிருக்கிறார்கள். அச்சுச் செலவு இல்லாமல் வெளிநாட்டுத் தமிழரை எட்ட விரும்புகிறவருக்குக் கிண்டில் உண்டு. அங்கே சந்தா முறையில் படிக்கப்பட்ட பக்கங்களின் கணக்கில் பணம் வரும். ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்த்த மின்னூலை, சேர்ந்திருக்கும் காலம்வரை வேறெங்கும் தரக் கூடாது என்ற நிபந்தனையையும் படித்துவிட்டுச் சேர வேண்டும். வாட்ஸ்ஆப் ஆர்டர் எடுக்கவும் கூட்ட அறிவிப்பு அனுப்பவும் ஏற்றது. அதில் ஓர் அறிவிப்பை ஒரே நேரத்தில் அனுப்பும் பட்டியலுக்கு 256 பேர் என்ற வரம்பு உண்டு, பெறுபவர் நம் எண்ணைச் சேமித்திருக்கவும் வேண்டும். பெரும்பாலான தமிழ் எழுத்தாளர்களின் உண்மையான வாசகர் வட்டத்துக்கு அந்த 256 தாராளம்.

எந்தத் தளமானாலும் அது எழுத்தைத் தன் அளவுக்கு வளைக்கப் பார்க்கும் என்பதை மறக்கக் கூடாது. காலையில் இட்ட பதிவுக்கு மாலைக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கும் மனம், நாளடைவில் கைதட்டல் வரும் வரியை முன்கூட்டியே எழுதத் தொடங்குகிறது. உடன்பாடு கிடைக்கும் கருத்து, ஊரே பேசும் விவகாரத்தின் மீது அவசரத் தீர்ப்பு, கண்ணீரை வரவழைக்கும் கடைசி வரி ஆகியவை பழக்கமாகின்றன. பல ஆண்டு ஊறிய பின்னரே எழுத வேண்டிய அனுபவங்கள் பதிவுகளாகக் கரைந்துபோகின்றன. பின்னர் அந்தப் பதிவுகளே தொகுக்கப்பட்டுப் புத்தகமாகின்றன. இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010-இல் வெளிவந்தது. 2014 இறுதியில் அதன் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரெங்கும் பரப்பப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது; 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அன்று நகல் இயந்திரம் தேவைப்பட்டது. இன்று ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். பின்புலத்திலிருந்து பிய்த்தெடுத்த இரண்டு வரி ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோரிடம் போய்விடும். எழுதுவதை எல்லாம் உடனே பொதுவில் வைக்க வேண்டும், எல்லா வம்புக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்து எழுத்தாளர் தம்மை விடுவித்துக்கொள்வது கோழைத்தனம் அல்ல. தம் எழுத்தின் முழுமையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது.

எழுத்தாளர் பேசாமல் இருந்தால் புத்தகம் எப்படி விற்கும் என்று பதிப்பாளர்கள் கேட்பார்கள். சிறு பதிப்பகங்களுக்கு விளம்பரச் செலவுக்குப் பணம் இல்லை என்பது உண்மை. அதனால் எழுத்தாளரும் கைகொடுப்பது நியாயம். புத்தகம் வரும் மாதத்தில் நான்கைந்து பதிவுகள், ஒரு கூட்டம், ஒரு நேர்காணல் என்ற அளவில் யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் விற்பனையை முதன்மையாகச் சுமக்க வேண்டியவர் பதிப்பாளர். தமிழ்நாட்டில் புத்தகங்கள் இன்றும் பெருமளவில் நகரும் வழிகள் நமக்குத் தெரிந்தவைதான். 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி, ஈரோடு தொடங்கி இன்று மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாக்கள், நூலக ஆணை, கல்லூரிப் பாடத்திட்டம், விருதுகள், நாளிதழ் மதிப்புரை, திரைப்படம் ஆகியவை அவை. பூமணி 1982-இல் எழுதிய ‘வெக்கை’ நாவல், 2019-இல் அதைத் தழுவி ‘அசுரன்’ படம் வந்தபோது அதுவரை அவர் பெயரைக் கேட்டிராதவர்களின் கைக்குப் போனது. இந்த வழிகளைத் திறக்க முயல்வது பதிப்பாளரின் தொழில். மதிப்புரைக்குப் பிரதி அனுப்புவது, மாவட்டக் காட்சிகளில் புத்தகம் இருப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது, இணையக் கடைகளில் சரியான விவரத்தோடு பட்டியலிடுவது, முறையான விற்பனைக் கணக்குக் கொடுப்பது ஆகிய நான்கையும் ஒழுங்காகச் செய்தாலே, எழுத்தாளர் ஆண்டு முழுவதும் முகநூலில் இருப்பதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கும். பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கையெழுத்துப் பிரதியைத் தேர்வதை இன்றே நிறுத்த வேண்டும். 9.7 கோடி கைகொடுக்காத இடத்தில் ஒன்பதாயிரம் கைகொடுக்காது. அந்த அளவுகோலை வைத்தால், சமூக ஊடகத்தில் இல்லாத, இருக்கத் தெரியாத, இருக்க விரும்பாத நல்ல எழுத்தாளர்களைத் தமிழ் இழந்துவிடும்.

எழுத வருபவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் எழுத்துக்கும் சுபாவத்துக்கும் ஏற்ற ஒரே ஒரு தளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று முன்பே முடிவுசெய்து, அதைத் தாண்டாதீர்கள். அங்கே உங்கள் புத்தகத்தைப் பற்றி ஒருமுறை பேசினால் பிறர் புத்தகங்களைப் பற்றி ஐந்துமுறை பேசுங்கள். உங்களை வாசகராக மதிப்பவரே நாளை உங்களை எழுத்தாளராகத் தேடி வருவார். எழுதியவற்றைச் சொந்த இடத்தில் சேர்த்து வையுங்கள். ஓர் ஆண்டு கழித்து அந்தத் தளம் உங்களுக்குப் பத்து நல்ல வாசகர்களையும் இரண்டு நல்ல நண்பர்களையும் தந்திருந்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது. குறைவு என்று வருந்தாதீர்கள். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிடித்த புத்தகத்தின் அட்டைக்கு லைக் இடுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பி.டி.எஃப். கேட்டு டெலிகிராம் குழுக்களுக்குப் போகாதீர்கள். வாங்கிப் படியுங்கள். படித்ததைப் பற்றி நான்கு வரி, உங்கள் சொந்த வார்த்தையில், உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு தமிழ்ப் புத்தகத்துக்கு அதைவிடச் சிறந்த விளம்பரத்தை எந்தத் தளமும் தர முடியாது.